நாற்பத்தொன்றாம் எண்ணும் இரண்டு நாள் விடுப்பும்

அந்த மருத்துவமனையில் ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே திரும்ப மாட்டார். எண்ணைச் சொன்னால் திரும்பிவிடுவார். பதிவு மேசையில் இருக்கும் பெண் அறுபத்து மூன்று. மருந்தகத்துப் பெரியவர் நாற்பத்தொன்று. ஆய்வகத்தில் ரத்தம் எடுக்கும் அம்மாளுக்கு மட்டும் 'ஊசி' என்று தனிப் பட்டம் உண்டு. மற்றவர்கள் எல்லோரும் எண்கள்தான். இன்டர்காமை எடுத்தால், "நாப்பத்தொண்ணு பேசுறேன், யாரு, எழுபதா?" என்றுதான் பேச்சே தொடங்கும். புதிதாக வந்து கேட்பவர்களுக்கு இது சிறைச்சாலையோ என்று தோன்றும்.

எல்லாம், இப்போது அங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்பவளின் கணவர் செய்த வேலை. கட்டடத்தில் இருக்கும் ஒவ்வொரு கணினிக்கும் நெட்வொர்க்கில் ஒரு முகவரி வேண்டும். முகவரியின் முதல் மூன்று பகுதிகள் எல்லாவற்றுக்கும் ஒன்றே. தெருப்பெயர் மாதிரி. கடைசிப் பகுதி மட்டும் வீட்டு எண் மாதிரி மாறும். அந்தக் கடைசி எண்ணை அவர் ஒவ்வொரு மேசையாகப் போய் உட்கார்ந்து, தன் கையால் தட்டிப் போட்டு, ஒரு நீள நோட்டில் எழுதி வைத்தார். இருபத்திரண்டு வருடம் அப்படியே ஓடியது. யார் மேசை, எந்தக் கணினி, என்ன எண் என்பதெல்லாம் நோட்டில் பாதியும் அவர் தலையில் மீதியுமாக இருந்தன. எல்லோரும் அவரை 'நம்பர் சார்' என்றார்கள்.

பதினான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு காலை வேலைக்குக் கிளம்பும்போது, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு அவருடைய ஃபோன் பதினோரு தடவை அடித்தது. பன்னிரண்டாவது தடவை அவள் எடுத்தாள். "சார், புது மெஷின் வந்திருக்கு, ஒரு நம்பர் வேணும்" என்றது குரல். அவள் விஷயத்தைச் சொன்னாள். அந்தக் குரல் அழுகையும் தயக்கமுமாக, "அப்போ... நம்பர்?" என்று கேட்டது.

அவளுக்குக் கோபம் வரவில்லை. கேட்ட ஆளின் மேல் இரக்கம்தான் வந்தது. பாவம், அவருக்கும் வேலை ஆகவேண்டுமே.

கருணை அடிப்படையில் அந்த வேலையை அவளுக்கே கொடுத்தார்கள். கணினி அறிவியல் படித்தவள். பெண் பிறக்கும்வரை ஒரு பயிற்சி மையத்தில் ஆறு வருடம் பாடம் எடுத்தவள். படித்ததில் பாதி மறந்திருந்தது. மீதிப் பாதியைக் காலம் மாற்றியிருந்தது. ஒரே வாரத்தில் 'நம்பரம்மா' ஆகிவிட்டாள். எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்தில், ஜன்னலே இல்லாத ஓர் அறை. ஏசி ஓடாவிட்டால் இயந்திரங்கள் கெட்டுப்போகும். ஓடினால் அவள் மூட்டு கெட்டுப்போகும். கேபிள்களுக்கு நடுவே ஒரு மேசை, ஒரு நாற்காலி, அந்த நோட்டு.

நோட்டைப் படிப்பது பெரும்பாடு. நாற்பத்தேழுக்கு எதிரே அடித்திருக்கும். பக்கத்தில் ஓர் அம்புக்குறி. அம்பு போய் முடியும் இடத்தில் ஒரு கேள்விக்குறி. எண் காலியா இல்லையா என்று தெரியாமல் அவள் ஒன்றைக் கொடுப்பாள். அது எங்கோ மாடியில் ஏற்கெனவே இருக்கும். இரண்டு கணினி ஒரே எண்ணில் மாட்டிக்கொண்டால் இரண்டுமே ஒழுங்காக வேலை செய்யாது. உடனே ஃபோன். ஞாயிற்றுக்கிழமை ஃபோன். குளிக்கும்போது ஃபோன். மேசையை ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு நகர்த்தினால் ஃபோன். தன் கணவர் ஏன் எந்த ஊருக்கும் கூட வரவில்லை, ஏன் சாப்பிடும்போது இடக்கையால் ஃபோனைத் தடவிக்கொண்டே இருந்தார் என்பது இப்போதுதான் அவளுக்கு விளங்கியது. விளங்கியதால் ஒன்றும் லேசாகிவிடவில்லை. களைப்புதான் இருவருக்கும் பொதுவாயிற்று.

பெண்ணுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஏழு மணி நேரப் பயணம். வியாழக்கிழமை விடுதியில் சேர வேண்டும். கூடப் பெற்றோர் ஒருவர் வரவேண்டும் என்று கடிதத்தில் போட்டிருந்தது.

"நான் சித்தப்பாவோட போயிக்கிறேன்மா" என்றாள் பெண், துணிகளை மடித்துக்கொண்டே.

"ஏன்டி, நான் வரமாட்டேனா?"

"வர்றேன், நிச்சயமா வர்றேன்னுதான் அப்பாவும் சொல்லுவாரு. பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கூட வந்திருக்காரு. அப்புறம் ஃபோன் வரும்."

பெண் இதைக் குறையாகச் சொல்லவில்லை. நாளை மழை வரும் என்பது போலச் சொன்னாள். அதுதான் அம்மாவைத் தைத்தது. சண்டை போட்டிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம்.

மறுநாள் மேலாளரிடம் போய் விடுப்புக் கடிதம் நீட்டினாள். நிர்வாக மேலாளர் நல்லவர்தான். ஆனால் எதையும் நிறுத்தி நிதானமாகப் பயப்படுகிறவர்.

"வியாழன், வெள்ளி ரெண்டு நாளா? யாராவது நம்பர் கேட்டா என்னம்மா பண்றது? எனக்கு ஒரு எழவும் தெரியாதே."

"நம்பரே கேக்க வேண்டாம் சார். எல்லா மெஷினையும் இணைக்கிற புது சுவிட்ச் பெட்டி மாட்டி ரெண்டு வாரம் ஆச்சு. அதுவே எல்லா மெஷினுக்கும் நம்பர் குடுக்கும். நான் செட் பண்ணிக் குடுத்துடுறேன்."

"அதுவேன்னா?"

"மெஷினைப் போட்டதும் 'எனக்கு ஒரு நம்பர் குடு'ன்னு அது கேக்கும். சுவிட்ச் காலியா இருக்கிறதுல ஒண்ணை எடுத்துக் குடுக்கும். ஆளே வேண்டாம்."

மேலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. புதன்கிழமை வரைக்கும் ஒரு புகாரும் வரக்கூடாது. வரலன்னா போயிட்டு வா. வந்துச்சுன்னா மன்னிச்சுக்கோ, இது ஆஸ்பத்திரி."

அவ்வளவுதான் ஒப்பந்தம்.

ஞாயிறு மதியம் கூட்டம் இல்லாத நேரத்தில் அவள் சுவிட்சின் முன்னால் உட்கார்ந்தாள். முதலில், யாருக்கும் கொடுக்கக் கூடாத எண்களைச் சொல்லி வைத்தாள். ஒன்றிலிருந்து முப்பது வரை சர்வர்களுக்கும் பிரிண்டர்களுக்கும் ரத்தப் பரிசோதனை இயந்திரங்களுக்கும். அவை இடம் மாறக்கூடாது. மாறினால் மற்றவை அவற்றைத் தேடி அலையும். முப்பத்தொன்றிலிருந்து இருநூற்றைம்பது வரை பொதுத் தொகுப்பு. இணையத்துக்கு வெளியே போகும் வாசல் எது, ஓர் இணையதளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண்ணை யாரிடம் கேட்பது என்பதையெல்லாம் ஒவ்வொரு வரியாகத் தட்டினாள். வாங்கிய எண்ணை ஒரு கணினி எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு எட்டு நாள் என்று போட்டாள். ஒரு வரியில் எழுத்துப் பிழை விட்டு, அழித்து, மறுபடி தட்டினாள். சேவையைத் தொடங்கியபோது விளக்கு மாறவில்லை, சத்தம் மாறவில்லை. இயந்திரத்துக்கு எதுவும் நடந்ததாகவே தெரியவில்லை.

முதலில் தன் மேசையில் இருந்ததை மாற்றினாள். கணவர் போட்டிருந்த எண்ணை அழித்துவிட்டு 'தானாகப் பெறு' என்பதைச் சொடுக்கினாள். ஒரு விநாடியில் முப்பத்தொன்று வந்தது. வரிசையில் முதல் ஆள் என்பதால். பிறகு எழுந்து மற்ற மேசைகளுக்குப் போனாள். நூற்றுப்பதினாறு கணினிகள், மூன்று மாடிகள். ஒவ்வொன்றிலும் அதே நாலு சொடுக்கு. ஒவ்வொன்றிலும் அவர் தட்டிப் போட்ட ஓர் எண் கட்டத்துக்குள் இருந்து மறைந்தது. முதல் பத்துப் பன்னிரண்டில் மனசு என்னவோ செய்தது. நாற்பது தாண்டியபோது முதுகுதான் வலித்தது.

திங்கட்கிழமை மருந்தகத்துக்கு வந்தபோது, பெரியவர் நாற்காலியை விட்டு எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவள் கணவருக்கு நெருங்கிய நண்பர். இருவரும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"இத்தனை வருஷம் பட்டா நிலத்துல உக்காந்திருந்தோம். இப்போ குத்தகைக்காரன் ஆக்கிட்டியேம்மா."

"எட்டு நாள் குத்தகைண்ணே. பாதி நாள் ஆனதும் அதுவே புதுப்பிச்சுக்கும்."

"புதுப்பிக்கலன்னா?"

"வேற ஒண்ணு குடுக்கும்."

"அப்போ நான் யாரு?"

மாத்திரை அட்டைகளை எண்ணிக்கொண்டிருந்த பெண் சிரித்துவிட்டாள். "விடுங்க சார், உங்களுக்கு நூத்தி ஒண்ணு கிடைச்சா பதவி உயர்வுதானே!"

பெரியவரும் சிரித்தார். ஆனால் திரையில் எண்பத்து நான்கு என்று வந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். அவள் அதைக் கவனித்தாள். கவனித்ததை வைத்து என்ன செய்வது என்று தெரியாமல் அடுத்த மேசைக்குப் போனாள்.

அன்று மாலை அவள் பேருந்தில் உட்கார்ந்து, புகார் இல்லாமல் ஒரு நாள் போனது என்று நினைத்துக்கொண்டாள். வீட்டில் பெண்ணிடம் சொல்லவில்லை. சொல்லிவிட்டு இல்லை என்று ஆகிவிட்டால் என்ன செய்வது?

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு ஆய்வகத்திலிருந்து ஊசி கூப்பிட்டாள்.

"நம்பரம்மா, ரிப்போர்ட் போகுது, போகல, போகுது, போகல. எங்கிட்ட கண்ணடிச்சு விளையாடுது. வெளியில நாப்பது பேர் உக்காந்திருக்காங்க."

அவள் ஓடினாள். ஆய்வகத்தில் கணினியை அணைத்துப் போட்டாள். ஐந்து நிமிடம் ஒழுங்காக இருந்தது. பிறகு மறுபடி கண்ணடித்தது. அதற்குள் மேலாளரின் அழைப்பு வந்துவிட்டது.

"பாத்தியா? நான் சொன்னேனா இல்லையா? பழசுக்கே மாத்திடு."

"அரை மணி நேரம் குடுங்க சார்."

"நோயாளி கத்துறாங்கம்மா. உன் விடுப்புக் கடிதத்துல 'நிறுத்தி வைக்கவும்'னு எழுதிட்டேன். தப்பா எடுத்துக்காத."

தப்பாக எடுத்துக்கொள்ளக்கூட அவளிடம் தெம்பு இல்லை. அறைக்கு வந்து சுவிட்சின் பதிவைத் திறந்தாள். பழைய சுவிட்ச் வெறும் பலகை. கேட்டாலும் வாய் திறக்காது. இது புதிது; கேபிள் மாட்டும் எந்தத் துளையில் எந்தக் கணினி, யார் வந்தார், யார் போனார் என்று வரிவரியாக எழுதி வைத்திருந்தது. ஒரே எண் இரண்டு துளையிலிருந்து மாறி மாறி வந்துகொண்டிருந்தது. பத்தொன்பதாம் துளை ஆய்வகம். ஏழாம் துளை மருந்தகம். எண் நாற்பத்தொன்று.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

நேற்று மாலை பெரியவர் தன் பழைய எண்ணைக் கையாலேயே திரும்பத் தட்டி வைத்துவிட்டு, கணினியை அணைத்துவிட்டுப் போயிருக்கிறார். காலையில் ஆய்வகம் சீக்கிரமே திறந்தது; மிச்சமிருந்த அந்தக் கணினியை அவள் அப்போதுதான் மாற்றினாள். சுவிட்ச் பார்த்தது; நாற்பத்தொன்றில் குரல் கொடுத்தால் பதில் இல்லை, காலிதான் என்று ஆய்வகத்துக்குக் கொடுத்துவிட்டது. ஒன்பதரைக்குப் பெரியவர் வந்து கணினியைப் போட்டார். அது பழைய இயந்திரம். உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கேட்கும் பழக்கம் இல்லாதது. நேராக வந்து உட்கார்ந்துவிட்டது.

மருந்தகத்தில் வரிசை நீண்டிருந்தது. பெரியவர் அவளைப் பார்த்ததுமே சீட்டுகளைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு உள்ளே வந்தார்.

"என் மெஷினும் விட்டு விட்டு வருதும்மா" என்றார், சிறுபிள்ளை போல.

"நீங்கதான் நம்பரை மாத்தினீங்களாண்ணே?"

அவர் மருந்துப் பெட்டிகளைப் பார்த்தார். "மாத்தலம்மா. இருந்ததைப் போட்டேன்."

"எப்படிப் போடத் தெரியும்?"

"அவன்தான் சொல்லிக் குடுத்தான். ஒரு தீவாளி... இல்ல, ஏதோ லீவு நாளு. மெஷின் படுத்துக்கிச்சு. ஃபோன் பண்ணினேன். 'டேய், எனக்கு வர முடியலடா, நான் சொல்றதைச் சொல்றபடி தட்டு'ன்னான். அன்னைலருந்து தெரியும்."

"ஆய்வகத்துல நாப்பது பேர் உக்காந்திருக்காங்கண்ணே."

"எனக்கென்னம்மா தெரியும், அது அங்கே போய் ஒட்டிக்கும்னு?" குரல் தாழ்ந்தது. "அவன் குடுத்த நம்பரும்மா. ஒரே ஒரு நம்பர். எனக்கு மட்டும் நாப்பத்தொண்ணையே குடுன்னு அந்தப் பெட்டிகிட்ட சொல்ல முடியாதா?"

முடியும். இரண்டே வரி. இந்தக் கணினி கேட்டால் இந்த எண்ணை மட்டும் கொடு என்று எழுதி வைக்கலாம். அவள் அதைச் செய்யத் தெரியாதவள் இல்லை. ஆனால் இன்று நாற்பத்தொன்று கேட்டால் நாளை அறுபத்து மூன்று கேட்கும், அதற்கடுத்து எழுபது. அவரவர் கணினி பழுதாகிப் புதிது வரும்போதெல்லாம் அந்த வரியை மாற்ற ஓர் ஆள் வேண்டும். ஒரு நோட்டு வேண்டும். அந்த ஆளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஃபோன் வரும்.

"முடியாதுண்ணே" என்றாள்.

"முடியாதா, மாட்டியா?"

"மாட்டேன்." அவள் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். "உங்களுக்கு அவர் குடுத்தது ஒரு நம்பர். எனக்கு நூத்திப் பதினாறு குடுத்துட்டுப் போயிட்டாரு. நான் எம் பொண்ணோட வியாழக்கிழமை போகணும்."

பெரியவர் விசைப்பலகையை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் நாலு சொடுக்கில் மாற்றிவிட்டு எழுந்தபோது, "மேலாளர்கிட்ட நான் வந்து சொல்லட்டுமா?" என்றார்.

"வேண்டாம். வரிசை நிக்குது, பாருங்க."

ஆய்வகம் கண்ணடிப்பதை நிறுத்தியது. அறைக்குத் திரும்பி அவள் ஒப்பிட்டுப் பார்த்தாள். கட்டடத்தில் உயிரோடு இருக்கும் கணினிகளைவிட, சுவிட்சிடம் எண் வாங்கிய கணினிகள் ஆறு குறைவு. நாற்பத்தொன்றைப் போல இன்னும் ஆறு பேர். எங்கே என்று துளை துளையாகத் தேடி, மாடி ஏறிப் போய்க் கண்டுபிடிக்கலாம். தேடிப் போக அவளுக்குக் காலில் வலு இல்லை.

அந்தப் புது சுவிட்சில் இன்னொரு வசதி இருந்தது. தான் கொடுத்த எண்ணோடு வருகிறவர்களை மட்டும் உள்ளே விடு, கையால் போட்டுக்கொண்டு வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்து என்று சொல்லி வைக்கலாம். முதல் முப்பது எண்களுக்கும் விலக்கு எழுத வேண்டும். இல்லாவிட்டால் சர்வரே வெளியில் நிற்கும். ஒவ்வொன்றாக எழுதினாள். இரண்டு தடவை சரிபார்த்தாள். மதியம் ஒன்றரைக்கு, புற நோயாளிகள் கூட்டம் வடிந்ததும், அதைப் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். வரட்டும்.

வந்தார்கள். முதலில் அறுபத்து மூன்று.

"அக்கா, நெட் போயிடுச்சு."

"நீ பழைய நம்பரைப் போட்டுக்கிட்டியா?"

"எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?"

அடுத்து எழுபது. கணக்குப் பிரிவில் ஒருவர். ஸ்கேன் அறையில் இருவர். இருவரும் ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுத்தார்கள். ஐந்து பேருக்கும் ஃபோனிலேயே சொல்லி மாற்ற வைத்தாள். அவர்களுக்குத்தான் தட்டத் தெரியுமே. ஆறாவது அழைப்பு வரச் சற்று நேரம் பிடித்தது.

"என்னம்மா இது, எனக்கே நெட் இல்ல. இதுதான் நீ சொன்ன தானா வேலை செய்யிறதா?"

மேலாளர்.

இரண்டாம் மாடிக்குப் படியேறிப் போனாள். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளி இடம் கொடுத்தார். அவள் அமைப்பைத் திறந்தாள். கட்டத்துக்குள் அவருடைய பழைய எண் ஐம்பது பளிச்சென்று இருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"நான்தான் போட்டேன்" என்றார் கடைசியில். "நேத்து சாயங்காலம். வேற யாரோட மேசையிலயோ உக்காந்த மாதிரி இருந்துச்சும்மா."

"யார் சார் சொல்லிக் குடுத்தது?"

"வேற யாரு?"

அவள் சொடுக்கினாள். எண்பத்தெட்டு வந்தது.

"எண்பத்தெட்டா?"

"இப்போதைக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை. "காலைல ஆய்வகத்துல நடந்ததும் இதுதானா?"

"ஆமா சார். அறிக்கையில 'பயனாளர் கையால் எண் மாற்றியது'ன்னு எழுதப் போறேன். மொத்தம் ஏழு பேரு."

"என்னையும் சேத்தா?"

"சேத்துதான் சார். ஆறுன்னு எழுதினா சுவிட்ச்ல இருக்கிற பதிவோட ஒத்துப்போகாது."

அவர் சிரிக்கத் தொடங்கி, பாதியில் வேறு ஏதோ நினைவு வந்தவர் போல நிறுத்திக்கொண்டார். தட்டில் இருந்த கடிதத்தை எடுத்தார். 'நிறுத்தி வைக்கவும்' என்பதை அடித்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டார்.

"அவனும் இப்படி ஒரு கடிதம் ஒவ்வொரு வருஷமும் குடுப்பான். சாயங்காலம் அவனே வந்து திருப்பி வாங்கிட்டுப் போயிடுவான்" என்றார். "நீ திருப்பி வாங்காத."

புதன்கிழமை அவள் நாள் முழுக்க ஃபோனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்றும் வரவில்லை. நிம்மதிக்குப் பதிலாக, தான் ஏதோ மறந்துவிட்டோம் என்றே தோன்றியது. இரண்டு தடவை இன்டர்காமை எடுத்து, இணைப்பு இருக்கிறதா என்று காது கொடுத்துப் பார்த்தாள். இருந்தது.

வியாழன் காலை பேருந்தில் பெண் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பேருந்து நிலையத்தைத் தாண்டும்வரை அம்மாவைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. தாண்டிய பிறகு ஒருதடவை பார்த்துவிட்டு, பெட்டியைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினாள். மூன்று மணி நேரம் போயிருக்கும். ஃபோன் அடித்தது. பெண்ணின் முகம் மூடிக்கொண்டது. வெளியே பார்க்கத் தொடங்கினாள்.

மருந்தகத்துப் பெரியவர்.

"நல்லா போயிட்டிருக்கீங்களாம்மா? என் நம்பர் இப்போ என்னன்னு சொல்லேன்."

"ஏண்ணே, நெட் வரலியா?"

"வருது, வருது. ஜோரா வருது. இன்டர்காமை எடுத்தா என்னத்தைச் சொல்றதுன்னு தெரியல, அதான்."

"எனக்குத் தெரியாதுண்ணே."

"நோட்டுல பாத்துச் சொல்லேன். வந்தப்புறம் சொன்னாலும் சரி."

"நோட்டுல இல்லண்ணே. நான் எழுதவே இல்ல."

மருந்தகத்தின் சத்தம் கேட்டது. யாரோ இருமல் மருந்து கேட்டார்கள். "சரி, பேரையே சொல்லிக்கிறேன்" என்று வைத்துவிட்டார்.

"என்னவாம்?" என்றாள் பெண், ஜன்னலிலிருந்து திரும்பாமல்.

"ஒண்ணும் இல்ல."

"அடுத்த ஸ்டாப்புல இறங்கணுமா?"

"எதுக்கு? வேண்டாம்."

பெண் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் அம்மாவுக்குக் கண் சொருகிவிட்டது. பதினான்கு மாதத்துக் களைப்பு, ஒரே திருப்பத்தில் மேலே வந்து விழுந்தது போல, தலை மகளின் தோளில் சாய்ந்தது. விரல்களிலிருந்து நழுவப் பார்த்த ஃபோனைப் பெண் மெல்ல எடுத்துத் தன் பைக்குள் போட்டு மூடினாள்.